வாய் திறக்காத சம்மதம்

பிள்ளைகளே, உழவர்கரை பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு முஸ்லிம் பெரியவரும் அவர் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணமாம்.

"நிக்காஹ் அன்னிக்கு சாட்சிங்க வந்து சம்மதமான்னு கேப்பாங்க. நீ வாயத் தொறக்காதம்மா. பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தம்."

"சம்மதம் இல்லாதவ என்ன பண்ணுவா அத்தா?"

"அவளும் பேசாமதான் இருக்கணும். பொம்பளப் புள்ளைக்கு அதான் அழகு."

"நல்ல வழக்கம்தான். எங்களக் கேக்கணும்னு மார்க்கம் சொல்லுது, நீங்களும் தவறாம கேட்டுடுறீங்க. பதில்தான் உங்களுக்குத் தொந்தரவு."

"வாயப் பாரு. மாப்பிள்ளைய உனக்குப் புடிச்சிருக்கில்ல?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேசாமல் இருந்தால் சம்மதம் என்று சற்றுமுன் சொன்னவர், இறங்கும்வரை "ஒரு வார்த்த சொல்லும்மா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார்.