ஜோடி பிரிக்காத டயர்கள்

பகல் இரண்டரை மணி. இப் என்னும் நகரத்துக்கு இறங்கும் மலைச்சாலை. பேய்கள் இரவுக்கு மட்டுமே உரியவை என்று எண்ணுகிறவர்கள், மழைக்காலத்தில் அந்த வேளைக்கு அங்கே போய் நின்று பார்க்க வேண்டும். ஆண்கள் அனைவரும் மென்றால் கிறக்கம் தரும் காத் இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வீட்டுக்குள் சாய்ந்திருப்பார்கள். மேகம் சாலையின் மீதே இறங்கிப் படுத்திருக்கும். நாய்கூடக் குரைக்காது...

அந்தச் சாலையில், அந்த வேளையில், என் நண்பர் ஜமீலின் மைத்துனன் ஃபுவாதுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். விளக்கை அணைக்க வேண்டாம். சற்றுத் தணித்தால் போதும். கதவோரம் இருப்பவர்கள் உள்ளே தள்ளி அமருங்கள்.

ஃபுவாதிடம் பதினேழு வயதான ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதில் ஆள் ஏற்றித்தான் அவன் பிழைத்தான். டயர்களை மாற்ற வேண்டும் என்று ரமழானிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான், மாற்றவில்லை. அவன் மனைவி தஹானிக்கு நாள் நெருங்கியிருந்தது. அன்று காலை வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, நகரத்து மருத்துவமனைக்குப் போனால்தான் உயிர் தங்கும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். ஊரில் இருந்த இரண்டு கார்களிலும் பெட்ரோல் இல்லை. வானம் கொட்டிக்கொண்டிருந்தது.

தஹானியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவன், ஊர் எல்லையிலேயே இருமுறை சறுக்கினான். அங்கிருந்த முக்பிலின் பஞ்சர் கடைக் கதவைத் தட்டினான். தஹானி ஒரு கோதுமை மூட்டையின் மேல் குனிந்து அமர்ந்தாள்.

முக்பில் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"ஏண்டா, இது டயரா, என் மாமனார் தலையா? ஈ உக்காந்தாக்கூட வழுக்கி விழும்டா."

"கேலி அப்புறம் பண்ணுங்க சித்தப்பா. குழந்தை குறுக்க கிடக்குதாம். ரெண்டு டயரும் வேணும். இப்பவே வேணும்."

கடையில் இருந்தவை மிகக் குறைவு. புதிய டயர் ஒரு ஜோடி; ஆனால் அளவில் ஒல்லி. இரண்டு பேர் பாரத்தோடு வளைவில் சாய்ந்தால் மடங்கிவிடும். சரியான அளவில் இன்னொரு ஜோடி. ஃபுவாத் கட்டைவிரலால் அழுத்தியதும் பள்ளங்களின் அடியில் நூல் நூலாக வெடிப்புத் தெரிந்தது. பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு எண்களைப் படித்தான். செய்து ஒன்பது ஆண்டுகள்.

"காஞ்ச ரொட்டி சித்தப்பா இது. அதோ, அது?"

கிழக்குச் சுவரில் ஒரு டயர் தொங்கியது. மேற்குச் சுவரில் அதன் ஜோடி. புதிய ரப்பரில் இருக்குமே மயிர் போன்ற முட்கள்... அவைகூட இன்னும் தேயவில்லை.

முக்பில் இரண்டு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரகீபோடது. பொண்டாட்டியைப் பிரசவத்துக்கு இறக்கணும்னு மாட்டினான். அவளைக் கூப்பிடப் போற வழியில பாறை உருண்டுச்சு. பதினோரு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு."

"அவ என்ன ஆனா?"

முக்பில் இலையை மறு கன்னத்துக்கு மாற்றினார்.

எங்கள் மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. இறந்தவனுடைய டயரை விற்கலாம், வாங்கலாம். ஆனால் முன்னதும் பின்னதும் ஒரே வண்டிக்குப் போகக் கூடாது. பிரித்துவிட வேண்டும். ஒற்றை டயருக்கு, இறந்தவன் போன வழி மறந்துவிடும் என்பார்கள்.

"பின்னாடிக்கு ஒண்ணு எடுத்துக்க. முன்னாடி பழசே ஓடட்டும்" என்றார் முக்பில்.

பழைய முன் டயரின் விலா கிழிந்து, ட்யூப் கொப்புளம் போலப் பிதுங்கியிருந்தது. ஃபுவாத் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மூட்டையின் மேலிருந்து தஹானிதான் பேசினாள்.

"ரெண்டையும் மாட்டச் சொல்லு. செத்தவங்களுக்குப் பயந்து இங்கேயே உக்காந்திருந்தா, நானும் அவங்களோடதான் போய்ச் சேரணும்."

முக்பில் இறந்தவனுக்காக வாய்க்குள் ஃபாத்திஹா ஓதியபடியே காற்றடித்தார்.

வண்டி அற்புதமாக ஓடியது. ஈரத் தாரின் மேல் புது ரப்பர் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்தது. முதல் வளைவு... இரண்டாம் வளைவு... இம்மியும் வழுக்கவில்லை. ஃபுவாதுக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் வளைவுக்குப் பிறகு ஒரு மண்பாதை இடப்புறம் பிரிகிறது. கைப்பிடி இடப்பக்கம் திரும்பியது.

அவன் வலப்பக்கம் இழுத்தான். தோள் வலிக்க இழுத்தான். பிரேக்கை மிதித்தான். சறுக்கல் இல்லை, ஆட்டம் இல்லை. வீட்டு வழி தெரிந்த கோவேறு கழுதை போல, வண்டி தன்பாட்டுக்கு ஏறியது. ஒரு கல் வீட்டின் முன்னால் நின்றது. இன்ஜின் அணைந்தது.

கூரை பாதி சரிந்த வீடு. நனைந்த சாம்பலின் நாற்றம். வாசலில் ஒரு பெண் நின்றாள். நிறை வயிறு. கக்கத்தில் துணி மூட்டை. நிலைக்கு உட்புறம்தான் நின்றாள்... ஆனாலும் அவள் உடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மெல்ல வந்து குந்தினாள். முன் டயரை உள்ளங்கையால் தடவினாள். பிறகு பின் டயரை.

"மாத்திட்டியா... மாத்தாம வராதேன்னு சொன்னேன்ல. எவ்வளவு நேரமா நிக்கிறேன்..."

ஃபுவாத் கிக்கரை உதைத்தான். பிடிக்கவில்லை. ஐந்து முறை, ஆறு முறை. தஹானியின் நகங்கள் அவன் தோளில் பதிந்தன. அவள் அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"முன்னாடி தள்ளி உக்காரு. அவங்களுக்கும் வலி வந்திருக்கு, தெரியலியா? ஏறிக்கோ அக்கா."

பின்புறம் ஸ்பிரிங் கிரீச்சிட்டது. டயர் சேற்றில் அமுங்கியது... உதைத்தான். ஒரே உதையில் வண்டி கிளம்பியது.

அதன் பிறகு நகரம் வரும்வரை அவன் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் இரண்டு முனகல்கள் கேட்டன. ஒன்று ஓயும்போது மற்றது தொடங்கியது. ஒரு மூச்சு அவன் பிடரியைச் சுட்டது. அதற்கும் பின்னாலிருந்து ஒரு குளிர், தஹானியையும் ஊடுருவிக்கொண்டு, அவன் முதுகுத்தண்டைத் தொட்டது.

'இறைவா, இவளை மட்டும் காப்பாற்று' என்று வழியெல்லாம் வேண்டினான். 'இவளை மட்டும்.' பின்னால் இருவர் இருந்தார்கள். அவன் ஒருத்திக்காகவே வேண்டினான். இதைப் பின்னாளில் ஜமீலிடம் அவனே அழுதுகொண்டு சொன்னான்.

மருத்துவமனையில் மின்சாரம் இல்லை; உள்ளே ஒரே இருட்டு. தாதியும் ஆயாவும் ஓடிவந்து, பின்னாலிருந்து கைத்தாங்கலாக இறக்கிப் போனார்கள். எத்தனை பேரை இறக்கினார்கள் என்று அவன் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பற்றியபடியே நின்றான்.

நெடுநேரம் கழித்து ஓர் அழுகை கேட்டது.

ஒன்றுதான்.

அவன் உள்ளே நடைக்கு ஓடியபோது தாதி எதிரே வந்தாள். மார்போடு இரண்டு பச்சைத் துணிச் சுருள்கள்.

"மாசமா இருக்குற ரெண்டு பேரை ஒரே வண்டியில ஏத்திட்டு வந்திருக்கியே, உனக்கு மூளை இருக்கா? உன் பொண்டாட்டி தஹானிதானே? பிழைச்சுட்டா. இன்னொருத்தி எங்க போனா? இப்பத்தான் படுக்கையில கிடந்தா."

அவன் வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"இருட்டுல ரெண்டும் ஒரே நேரத்துல வந்துச்சு. நான் ஒண்ணை வாங்கினேன், ஆயா ஒண்ணை வாங்கினா. ரெண்டையும் ஒரே மேசையில கிடத்திட்டோம். எது உன்னோடதுன்னு..." அவள் குரல் தாழ்ந்தது. "தெரியலப்பா. நீயே பாரு. சாயல் தெரியும்."

பார்த்தான். இரண்டுக்கும் ஒரே கருமுடி, ஒரே நெற்றி. ஒன்று அழுதது. மற்றொன்றின் கன்னத்தைத் தொட்டான். சில்லென்றிருந்தது.

சாயலைத் தேட அவன் இன்னும் ஒரு கணம் குனிந்திருக்கலாம். குனியவில்லை. அழுத குழந்தையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"இதுதான்" என்றான்.

தாதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். மற்றதை நடையிலிருந்த பலகையில் கிடத்தி, முகத்தை மூடிவிட்டு, பதிவுத் தாள் எடுக்க உள்ளே போனாள். இரண்டு நிமிடம் இருக்கும். அவன் அங்கேயேதான் நின்றான். யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை.

திரும்பி வந்தவள் துணியை எடுத்தாள். சுற்றிய சுற்று கலையாமல் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

கையால் அழுத்திப் பார்த்தாள். சற்று முன் சில்லென்றிருந்த சுருள் இப்போது கதகதப்பாக இருந்தது... பால் மணம் வீசியது.