சுவர் தாண்டிய தண்ணீர்

தேவகி: ஏணிய அந்த சுவத்துல சாய்க்காத தம்பி. அது கோர்ட்டு கேஸ்ல இருக்குற சுவரு.

பூவரசன்: அப்ப எதுலக்கா சாய்க்கறது? ஏசித் தண்ணிக் குழா இது மேலதானே போவுது.

தேவகி: எப்படியாச்சும் போவட்டும். பெட்டு மேல தண்ணி கொட்டாம பண்ணு, போதும். மூணு நாளா ஏசியே போடல, வெந்துகினு கெடக்கறோம். எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லிச் சொல்லி இன்னிக்குத்தான் நீ வர்றே.

பூவரசன்: வந்துட்டேன்ல... குழா கீழ தொங்கி, மறுபடி சுவத்து மேல ஏறி, அந்தப் பக்கம் எறங்குது. தொங்குற எடத்துல பாசி அடைச்சிக்கிச்சி. யாருக்கா இப்படிக் கட்டுனது?

தேவகி: ...கொரங்கு இழுத்துப் போட்டிருக்கும்.

பூவரசன்: கொரங்கு புடவையக் கிழிச்சி மூணு முடிச்சு போடுமா?

தேவகி: உன் வேலை குழாயப் பாக்கறதா, முடிச்ச எண்றதா?

பூவரசன்: சரி சரி, கோச்சிக்காதீங்க. வெட்டி இந்தப் பக்கமே விட்டுடறேன். அஞ்சு நிமிஷம்...

தேவகி: வெட்டாத!

பூவரசன்: ஏன்க்கா... அந்தப் பக்கம் யாரு?

தேவகி: கொழுந்தன் வீடு. அவன் பொண்டாட்டி புனிதா. அவளும் நானும் பேசி மூணு வருசம் ஆவுது.

பூவரசன்: அவங்களுக்கா தண்ணி விடறீங்க?

தேவகி: அவளுக்கு எதுக்கு? அங்க ஒரு மல்லிக்கொடி இருக்குது. ஒரே வீடா இருந்தப்ப நான் வச்சது. சுவரு வந்துச்சி, கொடி அவங்க பக்கம் போயிடுச்சி. போன கோடைல அவங்க போர்ல தண்ணி நின்னுபோச்சி. அவ வாயத் தொறந்து கேக்கமாட்டா. நானா போயிக் குடுக்கவும் மாட்டேன். ஏசித் தண்ணின்னா... சும்மா போறதுதானே.

பூவரசன்: சும்மாவா? ராத்திரி முழுக்க ஓடுனா ஒரு கொடம் வரும்க்கா.

தேவகி: ஒரு கொடமா! வெறுங்காத்துலேர்ந்தா? மல்லாட்டக் கொல்லையெல்லாம் கடலை புடிக்காம தீஞ்சி கெடக்குது... இந்தத் திண்டிவனத்துக் காத்துக்குள்ள ஒரு கொடம் தண்ணியா இருக்குது?

பூவரசன்: இருங்க, மேல ஏறி ஊதி விடறேன்... யம்மாடி!

தேவகி: என்னா? பாம்பா?

பூவரசன்: அக்கா... நீங்க இதப் பாத்ததே இல்லியா?

தேவகி: அங்க எட்டிப் பாக்கணும்னு எனக்கென்னா தலையெழுத்தா?

பூவரசன்: நான் எறங்கறேன், நீங்க ஏறுங்க. ஏணியப் புடிச்சிக்கறேன்.

தேவகி: ஐயே, யாராச்சும் பாத்தா...

பூவரசன்: ஏறுங்கக்கா.

தேவகி: கெட்டியாப் புடிச்சிக்க, ஏறறேன்...

பூவரசன்: தெரியுதா?

தேவகி: சாமி... சாண் குச்சியா நட்டேன் தம்பி. சுவத்து விளிம்பு வரைக்கும் வந்திருக்குது! எலையே தெரியலியே... அத்தனையும் மொக்கு. தெருவுல ஒரு செடி பச்சையா இல்ல. இதெல்லாம் அந்தச் சொட்டுத் தண்ணியா செஞ்சது?

பூவரசன்: எனக்கே ஒடம்பு சிலுத்துப்போச்சிக்கா. பத்து வருசமா இந்தத் தண்ணிய சாக்கடைலதான் விட்டுகினு இருந்தேன்.

தேவகி: குழா முனைக்கு நேரா பாத்தி கட்டி வச்சிருக்கா, பாரேன்... அப்ப அவளுக்குத் தெரியும். தெரிஞ்சே வாயத் தொறக்காம இருந்திருக்கா!

பூவரசன்: சுவத்துல ஒரு ஓட்டை போட்டா குழா சரிவா போவும்க்கா. அடைக்கவே அடைக்காது.

தேவகி: கேஸ்ல இருக்குற சுவருன்னு சொன்னேன்ல? ஓட்டை போட்டா அவ தெருவையே கூட்டிடுவா. எங்க வூட்டுக்காரரு போன் பண்ணப்ப இதெல்லாம் சொல்லலியா உனக்கு?

பூவரசன்: அவரு எனக்கு போனே பண்ணலக்கா.

தேவகி: என்னாது? நானும் பண்ணலியே... பின்ன யாரு உன்ன வரச் சொன்னது?

பூவரசன்: சொல்லக்கூடாதுன்னாங்க, அதான் தெரியாத மாதிரி கேட்டுகினு இருந்தேன்... "மூணு நாளா தண்ணி சொட்டல. அக்கா வெக்கை தாங்கமாட்டா, ஜல்தியா போயிப் பாரு"ன்னு புனிதாக்காதான் போன் பண்ணாங்க. ஓட்டை எங்க போடணும்னு அவங்க பக்கத்து சுவத்துல சாக்பீஸால வட்டம் போட்டு வச்சிருக்காங்களாம்... கொஞ்சம் குனிஞ்சி பாருங்கக்கா.