வலப்பக்க மிதவை

பெயிண்ட் காயாத நேரத்தில் காற்றடித்தால் எனக்குக் கோபம் வரும், சார். தூசி பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும். மற்றபடி நான் கோபப்படுகிற ஆள் இல்லை. முப்பது வருஷமாகப் படகு ரிப்பேர் செய்கிறேன். ஏரிக்கரையில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

மாப்பிள்ளைமேலும் எனக்குக் கோபம் கிடையாது. தங்கமான பையன். என் பெண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் என் வீட்டிலேயே இருந்தான். கீழே என் பட்டறை, மாடியில் அவர்கள் அறை. காலையில் அவள் படியிறங்கும் சத்தம் கேட்டால்தான் எனக்கு உளி கையில் நிற்கும். அவளுக்கு மூன்று வயதாகும்போது அவள் அம்மா போய்விட்டாள். அன்றிலிருந்து தலை வாரிவிட்டது முதல் எல்லாம் நான்தான்.

அக்கரைப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. வீடும் பார்த்துவிட்டார்கள். இங்கிருந்து துடுப்புப் போட்டுப் போனால் இரண்டு மணி நேரம்.

"மாமா, நம்ம துடுப்புப் படகுக்கு ஒரு பாய் கட்டிக் குடுங்களேன். ஞாயித்துக்கிழமை தவறாம உங்களப் பாக்க வந்துடுவோம்" என்றான்.

"ஆமாப்பா, துடுப்பு போட்டா இவருக்கு மூச்சு வாங்குது. காத்து இழுத்தா இவர் சும்மா உக்காந்து எனக்குப் பாடம் நடத்தலாம் பாருங்க" என்றாள் என் பெண்.

"நீச்சலும் தெரியாதுன்னு சொல்லிடு. மானம் போறது மொத்தமாவே போகட்டும்" என்று அவனே சிரித்தான்.

நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அப்பா. அது ஒன்றுதான் எனக்குச் சீரணமாகவில்லை.

துடுப்புப் படகு ஒடுக்கமானது, சார். வெறுமனே பாய் கட்டினால் முதல் காற்றிலேயே குப்புறப் படுத்துவிடும். அதனால் ஒரு பக்கமாக இரண்டு கழிகளை வெளியே நீட்டி, நுனியில் ஒரு மிதவையைக் கட்ட வேண்டும். கழிகளை ஆணி அடித்து இறுக்கக்கூடாது. கயிறுதான் அலைக்குத் தகுந்தபடி இளகிக் கொடுக்கும். நடுப்பலகையில் துளை போட்டுப் பாய்மரத்தை நட்டேன். மிதவையை ப்ளைவுட்டில் பெட்டி மாதிரி செய்தேன். உள்ளே வெறும் காற்று. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

மிதவையை எந்தப் பக்கம் கட்டுவது என்று மட்டும் ஒரு வாரம் யோசித்தேன். வலப்பக்கம் கட்டினேன்.

இந்த மாதங்களில் அக்கரைக்குப் போகும்போது காற்று வலப்பக்கமிருந்து வரும். மிதவை தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போகும். திரும்பும்போது காற்று அதேதான், ஆனால் இடப்பக்கமாகிவிடும். பாரமெல்லாம் மிதவைமேல் அழுந்தும். அந்த நேரம் அதற்குள் தண்ணீர் புகுந்தால் படகு அந்தப் பக்கமே சாய்ந்து கவிழும். போகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. வருகிறவனுக்குத்தான்.

ஒரு வாரம் அவனுக்குப் பாய் பிடிக்கப் பழக்கினேன். பொறுமையாகத்தான் பழக்கினேன். "மாமா, நீங்க வாத்தியாராப் போயிருக்கணும்" என்றான். அதற்கு மறுநாள் மிதவையின் அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துளை போட்டு, சோப்புக்கட்டியை அடைத்து, மேலே மெல்லிசாகப் பெயிண்ட் பூசினேன். காற்று இல்லாத நாள். தூசி ஒட்டவில்லை.

சனிக்கிழமை காலை அவன் மட்டும் போய், புது வீட்டில் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. படகைத் தள்ளிவிடப் போகிறோம், அப்போது அவள் படியிறங்கி ஓடி வந்தாள். கையில் அளவு நாடா.

"ஜன்னலுக்குத் திரை தைக்கணும்பா. இவர அனுப்பினா கதவ அளந்துட்டு வருவார்" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"வாடியம்மா, வந்து நீயே அள" என்றான் அவன்.

பாய் விரிந்தது. படகு அழகாகப் போனது. அவள் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

அவளுக்கு நீச்சல் நன்றாக வரும். எது நடந்தாலும் அவள் கரையேறிவிடுவாள் என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். அவள் அவனை விட்டுவிட்டு வரமாட்டாள் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் போலீஸ்காரர்கள் இரண்டு பேரையும் ஏரியிலிருந்து வெளியே எடுத்தபோது அவன் சட்டைக் காலரிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகு இருபதடிகூடப் போகவில்லையே, ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருந்தால் இறங்கியிருப்பாள், சார். என் பேச்சைத் தட்டியதில்லை. ஆனால், "ஏம்ப்பா?" என்று கேட்டிருப்பாள்.

அவளிடம் நான் கெட்ட பேர் எடுத்ததே இல்லை.