படகுத்துறைப் பெண்ணின் குரல்

ஹலோ... ஆமா, சலூன்தான், சொல்லுங்க... ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்கும்... யாரு பேசறது?

பாப்பாவா?

இரு, இரு. வச்சிடாத... பேங்க் சார், ஒரு நிமிஷம். என் தங்கச்சி. நாலு மாசம் கழிச்சுப் பேசுது. பாதித் தாடியோட வெளிய ஓடவா போறீங்க, அப்படியே பேப்பர் படிங்க.

சொல்லு பாப்பா. பின்பக்கம் வந்துட்டேன். தண்ணி டிரம் பக்கத்துல நிக்கிறேன், யாரும் இல்ல... நம்பர மாத்திட்டியா? ... சரி, சரி. கேக்கல.

நல்லா இருக்கேன். உன் அண்ணியும் நல்லா இருக்கா. நீ சாப்பிட்டியா? ... தெரியும், அதுக்காகக் கூப்பிடலன்னு தெரியும். வாய்ல வந்துடுச்சு.

நேத்தா? ... பாத்தேன். சீரியலோட கடைசி எபிசோடு, பாக்காம இருப்பேனா... பாத்தேன், கேக்கல. அந்தப் பொண்ணு படகுத்துறையில கடைசி டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் பாட ஆரம்பிச்சா பாரு, அப்ப சத்தத்தை நிறுத்திட்டேன். கடையில நாலு பேரு. ஒருத்தரும் ஏன்னு கேக்கல. அவங்களுக்கும் தெரியும்ல.

இல்ல, நான் சொல்லல. புதுசா யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா.

எனக்கு அந்த சீரியலே பிடிக்காது, உனக்கு ஞாபகம் இருக்கா? சண்டை போட்டாலும் பாட்டு, அடுப்பு அணைஞ்சாலும் பாட்டு. என்ன கூத்து இதுன்னு செய்தி சேனலுக்கு மாத்திடுவேன். மூணாவது வாரம் ஒருத்தர் கழுத்துல கத்தியை வச்சிருக்கேன், ஒரு பாட்டு வருது. சுருதி மேல போறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு சின்னதா ஒரு மூச்சு எடுக்குறா. கை நின்னு போச்சு. சின்ன வயசுல இளைப்பு வந்து வந்து, நீ அப்படித்தானே மூச்சு வாங்குவ... ம்... ம்... போன் போட்டுக் கேட்டா, நீதான் இல்லவே இல்லைன்னு ரெண்டு தடவை சாதிச்ச. மூணாவது தடவை சிரிச்சுட்ட.

ஆமா. ஆமா, சொன்ன. நடிகையே சொந்தக் குரல்ல பாடுறாங்கன்னுதான் ஊரெல்லாம் விளம்பரம், வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கேன்னு சொன்ன. எல்லாம் சொன்ன. அஞ்சு மாசம் வாயைக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன் பாப்பா. ஏழு மணி ஆனா கத்தரி எடுக்க மாட்டேன், அவ்வளவுதான். வர்றவங்க என்ன நெனச்சாங்க தெரியுமா? இந்த ஆளுக்கு அந்த நடிகை மேல கிறுக்குன்னு நெனச்சாங்க. உன் அண்ணியே நெனச்சா.

அன்னிக்கு நெட்ல அந்த சீரியலோட பக்கத்துல எவனோ எழுதிட்டான். இது மனுஷக் குரலே இல்ல, கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு. கீழ இருநூறு பேரு ஆமா ஆமான்றாங்க. உன்னைப் போய்... எனக்குப் பொறுக்கல. மெஷினும் இல்ல, அந்த நடிகையும் இல்ல, இது என் தங்கச்சி குரல்னு பேரோட எழுதிட்டேன்.

தெரியும். உன் சோத்துல மண்ணு போட்டுட்டேன்னு தெரியும்... நீ சொல்லலன்னாலும் நான் சொல்லிக்கிறேன்.

உன்னை எடுத்துட்டுப் புதுக் குரல் போட்டாங்க இல்ல? ஒரு வாரம் புதுசா பாட வந்த அந்தப் பொண்ணைத் திட்டாத நாள் இல்ல. ரிமோட்டைச் சுவத்துல அடிச்சு உடைச்சேன். அப்புறம் ஒருநாள் தோணுச்சு, அவளும் யாரோ ஒருத்தனுக்குத் தங்கச்சிதானே. அவளுக்கும் பேரு போடல. அதுக்கு மேல திட்ட வரல. பாக்கவும் பிடிக்கல, விடவும் முடியல.

சரி... சொல்லு. என்ன செய்யணும்?

நான் எழுதினதை எடுத்துடணுமா? ... இருக்கு. இன்னும் எடுக்கல. ஏன்னா... எப்படிச் சொல்றது. உன் பேரு இருக்குற ஒரே இடம் பாப்பா அது. கீழ ஒரு டீச்சரம்மா எழுதியிருக்காங்க, இந்தக் குரலைக் கேட்டுக்கிட்டேதான் நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன்னு... சரி. சரி, படிக்கல.

வேலை குடுக்குறாங்களா? அதே கம்பெனியா? ... புது சீரியல். ம்... நல்லது பாப்பா. ரொம்ப நல்லது... எடுத்தா மட்டும் போதாதா? பொய்னும் எழுதணுமா?

இன்னிக்குள்ளயா?

எழுதுறேன். இரு, ஸ்பீக்கர்ல போட்டுக்கிறேன், ரெண்டு கையும் வேணும்... ம், சொல்லு. "நான் எழுதினது பொய்"... ம். "பாட்டெல்லாம் அந்த நடிகையே பாடினது"... எழுதிட்டேன். அடுத்தது?

என்னது?

அது எதுக்கு? என் தங்கச்சி பாடலன்னு போட்டா போதாதா? ... எந்தத் தங்கச்சின்னு தேடுவாங்களா... ஆமா. தேடுவாங்க... அவங்க எழுதிக் குடுத்ததா, நீயா சொல்றியா? ... சரி. யாரா இருந்தா என்ன.

இரு, கை ஈரம். எழுத்து விழ மாட்டேங்குது.

"எனக்குத் தங்கச்சி கிடையாது."

போட்டுட்டேன். பழசையும் அழிச்சுட்டேன்... ம், பாரு. நீயே பாத்துக்க... வந்துடுச்சா?

அதுக்குள்ள ஒருத்தன் கீழ எழுதிட்டான். சலூன்காரன் புளுகுறான்னு எனக்கு அப்பவே தெரியும்னு. நல்லதுதானே, நம்பிட்டாங்க... அட, நீ ஏன் அழற? எனக்கு ஒண்ணும் இல்ல. சலூன்காரன் புளுகுறது உலகத்துல புதுசா?

மூக்கைச் சிந்து. குரல் கட்டிக்கப் போகுது. எப்ப ரெக்கார்டிங்? ... நாளைக்கேவா. தொண்டைக்குச் சுடுதண்ணி குடி. ராத்திரி முழிக்காத.

எதுல பாடப் போ... இல்ல, வேணாம். சொல்லாத.

சொல்லாத பாப்பா. என்ன சீரியலு, எத்தனை மணின்னு எதுவும் எனக்குத் தெரிய வேணாம். என் வாயை நானே நம்பல... கண்டுபிடிக்க மாட்டேன். கடையில இனி செய்திதான் ஓடும். எங்கயாவது காதுல விழுந்தாலும், யாரோ பாடுறாங்கன்னு வேலையைப் பாத்துட்டு இருப்பேன்.

ம்... ம்.

அந்த மூச்சை மட்டும் கொஞ்சம் மறைச்சுப் பாடு பாப்பா. தெரியாத மாதிரி இருக்குறது எனக்குச் சுலபமா இருக்கும்... ஹலோ? ... பாப்பா?