சாவுக்கு வரும் லாரி

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“இன்னிக்கு சாயங்காலம் எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வருதுக்கா.”

“ஐயையோ, யாரு செத்தா?”

கண்டக்டர்கூடச் சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை. ஒரு நகராட்சியில் லாரி அனுப்பும் வேலையில் இருந்தவன் நான். குழாயில் தண்ணீர் இல்லை என்று யார் கேட்டாலும் நாளைக்கு என்பேன். சாவு விழுந்த தெரு என்றால் மட்டும் உடனே அனுப்புவேன். ஜனங்கள் அதைப் பழகிக்கொண்டார்கள்.

“யாரும் சாவலக்கா. கொழாய்ல காத்துதான் வருது. மாமியார் போயிட்டாங்கன்னு ஆபீஸுக்குப் போன் பண்ணிட்டேன்.”

“அடிப்பாவி! அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா?”

“அவங்கதான் பண்ணச் சொன்னாங்க. ‘உசுரோட கேட்டுப் பாத்தாச்சு, செத்துட்டேன்னு கேளு’ன்னாங்க.”

“லாரிக்காரன் பொணம் எங்கன்னு கேட்டா?”

“கொடத்தோட மொத ஆளா நிக்கும், பாத்துக்கட்டும்.”

மூத்தவள் சிரித்து ஓய்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“நெசமாவே போறப்ப ஆபீஸ்ல நம்பி அனுப்புவாங்களாடி?”

நான் அனுப்பியிருக்க மாட்டேன்.

“அதையும் கேட்டேங்க்கா. ‘அன்னிக்கு என்னையக் குளிப்பாட்டத்தான தண்ணி? இன்னிக்கே நானா குளிச்சுக்கறேன்’னுட்டாங்க.”