ஃபேன் சத்தம்

— அந்தப் பையை எதுக்குக்கா ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டு வந்தே? லேப்டாப்பை மட்டும்தானே அவரு பார்க்கப்போறாரு.

— இந்த லேப்டாப் ஃபேன் ஸ்டாண்டு இனிமே நம்ம வீட்டுல இருக்க வேண்டாம்டா. அவரு எடுத்துக்கிட்டா குடுத்துடலாம். இல்லேன்னா வழியில எங்கேயாவது வெச்சுட்டுப் போறேன்.

— வழியில வெச்சுட்டா மட்டும்? வாங்கி அனுப்பினது நீதான்னு எல்லாருக்கும் தெரியுமே.

— தெரியாம இருக்குமா? துக்கம் கேக்க வந்தவங்க ஒருத்தரையும் விடாம சொல்லி வெச்சிருக்கியே. சித்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘நல்லதுன்னு நினைச்சுத்தானேம்மா வாங்கினே’ங்கறாங்க. அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

— நான் நடந்ததைத்தான் சொன்னேன். லேப்டாப்புக்கு அடியில ஏரோப்ளேன் மாதிரி ஒண்ணு கத்திட்டிருந்தா, பாத்ரூம்ல விழுந்தவரு கூப்பிடறது எப்படிக் கேக்கும்? பதினொரு மணிக்கு வேலைக்கு உட்கார்ந்தேன், ரெண்டு மணிக்கு எழுந்தேன். மூணு மணி நேரம் சுவத்துக்கு அந்தப் பக்கம் அப்பா ஈரத்துல கிடந்திருக்காரு. பத்தடிகூட இருக்காது.

— நடுவுல தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்கலையாடா?

— வேலை பார்க்கறவனுக்குத்தான் அது தெரியும்.

— அறைக் கதவையாவது திறந்து வெச்சிருக்கலாம்.

— திறந்துதான் இருந்துச்சு. கதவு என்ன பண்ணும்? உன் ஃபேன் அப்படி.

— போதும்டா.

— உனக்கு சீக்கிரம் போதும்னு ஆயிடும். எப்பவுமே.

— சார், மேடம், பின்னாடி போய்த் திறந்து பார்த்துட்டேன். சொல்றேன் கேளுங்க. ஆளு போனது போனதுதான்.

— ஐயோ, அதுல எங்க அப்பா போட்டோ எல்லாம் இருக்குங்க.

— டிஸ்க் தப்பிச்சிருச்சு மேடம், போட்டோ ஒண்ணு விடாம எடுத்துத் தரேன். போர்டுதான் வெந்துபோச்சு. சொல்றேன் கேளுங்க, இது ஒரு நாள் சூடு இல்ல. மாசக்கணக்கா அடுப்புல ஏத்தி வெச்ச மாதிரி இருக்கு. நாங்க வாய் வலிக்கச் சொல்வோம், அடியில ஒரு கூலிங் ஸ்டாண்டு வையுங்கன்னு. கேக்கவே மாட்டாங்க.

— இவன் வெச்சிருந்தானே. மடியில வெச்சா தொடை சுடுதுன்னு போன்ல புலம்பினான். ஆறு மாசம் முன்னாடி நான்தான் அனுப்பினேன். இந்தப் பையில இருக்கு பாருங்க.

— அக்கா, அதெல்லாம் அவருக்கு எதுக்கு? நீங்க போட்டோவை மட்டும் எடுத்துக் குடுங்க சார். நாங்க கிளம்பணும்.

— ஃபேன் ஓடியுமா இவ்வளவு சூடு? அப்படி வராதே. எடுங்க மேடம், அதுக்கு என்ன கோளாறுன்னு பார்ப்போம்.

— வேண்டாம் விடுங்க சார்.

— பார்க்கட்டுமேடா. அது போட்ட சத்தத்தை நானும் ஒரு தடவை கேக்கணும். அப்பா குரலை அமுக்கின சத்தம் எப்படி இருந்திருக்கும்னு இருபது நாளா யோசிச்சுட்டே இருக்கேன். கண்ணை மூடினா காதுக்குள்ள அதுதான் சுத்துது.

— இப்பத்தான் அப்பா குரல் ஞாபகம் வருதா? ரெண்டு வருஷமா அவருக்குக் குளிக்க ஊத்தினது நான். நகம் வெட்டினது நான். உன்கிட்ட இருந்து வந்தது எல்லாம் அட்டைப்பெட்டிதான். அதைத்தான் அவரு தடவித் தடவிப் பார்ப்பாரு. ‘பாப்பா வாங்கி அனுப்பினதுடா, பத்திரமா வெச்சுக்கோ’ம்பாரு. நாப்பத்திரெண்டு வயசுல ஒரு பாப்பா.

— சின்ன வயசுலேர்ந்து என்னை அப்படித்தானேடா கூப்பிடுவாரு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

— ஒண்ணும் பண்ண வேண்டாம். நீ ஒண்ணும் பண்ணாமலே பாப்பா.

— சார், ஒரு நிமிஷம். நீங்க இதை எப்படி வெச்சிருந்தீங்க?

— எப்படின்னா? மேல லேப்டாப்பை வெச்சு, கீழ ஃபேனைப் போட்டுத்தான்.

— லேப்டாப்பை வெச்ச தடம் மேல இருக்கு, சரி. ஆனா ஒயரைப் பாருங்க. கம்பெனியில சுருட்டி ஒட்டின ஒட்டு அப்படியே இருக்கு. கத்தரிச்சாத்தான் வரும். முனையில போட்ட பிளாஸ்டிக் மூடியைக்கூட நீங்க கழட்டல. இதை ஒரு தடவைகூடச் சொருகவே இல்லையே.

— நான் வேற ஒயர் போட்டிருந்தேன்.

— இதுக்கு வேற ஒயர் கிடையாது சார், உள்ளேர்ந்தே வருது. வாங்கி வெச்சுக்கிட்டே லேப்டாப்பைப் பட்டினி போட்டிருக்கீங்க. இருங்க, வெட்டிச் சொருகிப் பார்க்கறேன். ம், அவ்வளவுதான்.

— என்னங்க, ஓடலையா?

— ஓடுது மேடம்.

— சத்தமே இல்லையே.

— இந்த மாடல் அப்படித்தான். பக்கத்துல கைக்குழந்தை தூங்கலாம். விரலை மேல வெச்சுப் பாருங்க. காத்து வருதா?

— வருது.

— அக்கா, வா போலாம். போட்டோவை நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்.

— காத்து வருதுடா.

— அக்கா.

— காத்து மட்டும்தான்டா வருது.

— சொல்றேன் கேளுங்க மேடம், நான் உள்ள போய் போட்டோ ஏத்திக் கொண்டு வரேன். நீங்க பேசிட்டிருங்க.

— உன்னை நம்பினேன்டா. இருபது நாளா தட்டுல கை வெச்சா, இந்தக் கையாலதானே ஆர்டர் போட்டோம்னு தோணும். அப்படியே எழுந்து போயிடுவேன். நீ அதை எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே சாப்பிட்டே.

— எனக்குப் பசிச்சுது.

— எத்தனை தடவைடா கூப்பிட்டாரு?

— விடுக்கா.

— தலையை நிமிர்த்து. எத்தனை தடவை?

— ஏழு. ஏழு தடவையும் பாப்பான்னுதான் கூப்பிட்டாரு. என்னை யாரும் கூப்பிடலக்கா.