அக்காவுக்குத் தெரிந்த மொழி

நான் நேரம் மீறுவேனோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்கும் தலைவர் அவர்களே! திரையைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த பெரியோர்களே! வீட்டிலும் வேலை, அலுவலகத்திலும் வேலை, இரண்டிலும் நல்ல பெயர் மட்டும் வாங்காத தாய்மார்களே! மென்பொருள் ஊழியர் சங்கத்தின் என் தோழர்களே! உங்கள் முன் தலைவணங்கி நிற்கிறேன்.

எந்தக் கணினி நிரல்மொழி உயர்ந்தது என்று பேச அழைத்தீர்கள். ஒரு நிறுவனம் தனக்கே சொந்தமாக வைத்திருக்கும் மூடிய மொழியா? ஊரெல்லாம் எழுதுகிற ஜாவா போன்ற பொது மொழியா? நான் என் அக்காவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில் மென்பொருள் எழுதியவர் அக்கா. மூடிய மொழியில்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தவர் மேலாளர். பொய் சொல்ல மாட்டேன், நல்ல மொழிதான்! பொது மொழியில் மாதக்கணக்கில் இழுக்கும் வேலை அதில் மளமளவென்று முடியும். பழுதென்றால் மொழியை விற்ற நிறுவனமே ஓடி வரும். காலாவதியான மருந்து ஒன்றுகூடக் கிடங்குக் கதவைத் தாண்டாதபடி அக்கா அதில் காவல் கட்டினார். காய்ச்சலில் கிடந்த எத்தனை குழந்தைகளை அது காத்ததோ, யார் கண்டார்?

ஒருநாள் அக்கா மேலாளரிடம் போய் நின்றார். "சார், சாயங்காலம் ஜாவா கிளாஸ் ஒண்ணு நடக்குது. வாரத்துல ரெண்டு நாள் சீக்கிரம் கிளம்பலாமா?"

"அது உங்களுக்கு எதுக்கும்மா? நம்ம வேலைக்கு அது தேவையே இல்லையே!"

தேவையே இல்லையாம்! சிரிக்காதீர்கள் தம்பி, உங்கள் மேலாளரும் இதைத்தான் சொல்வார்.

பிறகு? மொழியை விற்ற நிறுவனத்தை வேறொரு நிறுவனம் விலைக்கு வாங்கியது. வாங்கிய கையோடு, இனி இந்த மொழி இல்லை என்று அறிவித்தது. மொழி செத்தது தோழர்களே, எழுதியவர்கள் உயிரோடு இருந்தார்கள்!

மேலாளர் ஜாவா தெரிந்த புது ஆட்களை எடுத்தார். அக்காவை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்தார். எந்த விதி ஏன் வந்தது என்று அக்கா வாய் வலிக்கச் சொன்னார். அவர்கள் அதை ஜாவாவில் எழுதினார்கள். எழுதி முடித்ததும் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார் மேலாளர்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, இனி இங்க உங்களுக்கு வேலை இல்ல. நீங்களும் காலத்துக்கு ஏத்த மாதிரி வேற ஏதாவது கத்துக்கிட்டிருக்கலாம்."

அக்கா அழவில்லை. "கேட்டேனே சார். நீங்கதானே தேவையே இல்லைன்னு சொன்னீங்க?"

மேலாளர் கணினிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து, வேறோர் இடத்தில் நேர்காணல். மகள் வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மேடம், இப்படி ஒரு லாங்குவேஜ் நிஜமாவே இருக்கா?"

"இருந்துச்சும்மா," என்று எழுந்து வந்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், எது உயர்ந்தது? கைதட்ட வேண்டாம் ஐயா, கோபப்படுங்கள்! வேகம் வந்தபோது பலன் முதலாளிக்கு. மொழி போனபோது இழப்பு அக்காவுக்கு! பொது மொழிக்கும் வயதாகும், அறிவேன். ஆனால் அதன் சாவி ஒருவன் சட்டைப்பையில் இல்லை. அதைக் கற்றவர் இன்னொரு வாசலில் போய்த் தலை நிமிர்ந்து நிற்கலாம். கருவியைத் தேர்ந்தெடுக்கும் அறையில் நமக்கு நாற்காலி வேண்டும்! வேலை நேரத்திலேயே கற்கும் உரிமை வேண்டும்! கெஞ்சியது போதும், இனி கேட்டு வாங்குவோம்!

அக்காவை இன்று இங்கே வரச் சொன்னேன். "எதுக்கு? என்னைப் பார்த்து எல்லாரும் உச்சுக் கொட்டவா? எனக்கு கிளாஸ் இருக்கு, போனை வைடா," என்றார்.

சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே இந்நேரம் ஜாவா படித்துக்கொண்டிருக்கும் அவருக்கும், என் கசப்பைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.